ஒரே மருந்துக்கு ஏன் இரண்டு விலை? லிப்போசோமல் ஆம்போடெரிசின் குறித்து

கேள்வி: 2025 ஜூன் 2, மாலை 6.40

என் தந்தைக்கு வயது 61. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கன்னமும் கண்ணின் கீழ்ப்பகுதியும் வீங்கியதால் மூக்கின் உட்புறத்திலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கருப்புப் பூஞ்சை என்று முடிவு வந்து, அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. இப்போது நாளொன்றுக்கு ஆறு வயல் (மருந்துக் குப்பி) லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஏற்றுகிறார்கள். குறைந்தது மூன்று வாரமாவது தொடர வேண்டும் என்கிறார்கள். வெளியே மருந்துக்கடையில் விசாரித்தேன். அதே ஆம்போடெரிசின் பி, அதே 50 மில்லிகிராம், ஆனால் விலை மிக மிகக் குறைவு. பெட்டியின் மேல் 'லிப்போசோமல்' என்ற சொல் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. கொழுப்பில் தோய்த்துக் கொடுப்பதற்கு இவ்வளவு விலையா? இது வெறும் விற்பனை உத்தி என்றே எனக்குத் தோன்றுகிறது. தவறு என்றால் யாராவது விளக்குங்கள்.

ஜூன் 2, இரவு 9.15

தம்பி, விளக்கத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். அந்த விலை குறைந்த பெட்டியை வாங்கி வார்டில் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவமனை மருந்தகத்தில் 26 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரோடும் சமரசம் செய்துகொண்டதில்லை.

காரணம் அளவு. உங்கள் தந்தைக்கு நாளுக்கு ஆறு வயல் என்றால் 300 மில்லிகிராம். அவர் எடை 60 கிலோ இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 5 மில்லிகிராம் வருகிறது. கருப்புப் பூஞ்சைக்கு லிப்போசோமல் வடிவத்தில் இது வழக்கமான அளவு. நீங்கள் கடையில் பார்த்தது டியாக்ஸிகோலேட் என்ற பழைய வடிவம். அதில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கொடுப்பதுதான் வழக்கம், ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டவே கூடாது என்று அதன் உறையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். வேலை நெருக்கடியில் ஒருவர் பெயரை மட்டும் பார்த்துப் பழைய வடிவத்தில் ஆறு வயலையும் கரைத்து ஏற்றிவிட்டால் நோயாளியின் இதயம் நின்றுபோகலாம். பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தும், ஒன்றில் சிகிச்சையாக இருக்கும் அளவு மற்றொன்றில் உயிரைப் பறிக்கும் அளவு. ஆகவே 'அதே மருந்து' என்று இதைச் சொல்ல முடியாது.

கொழுப்புப் பை மருந்தை உள்ளே பொதிந்து நோயுள்ள இடத்துக்குக் கொண்டு செல்கிறது என்பதுதான் சுருக்கமான விளக்கம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 'உள்ளே பொதிந்து' என்றது இந்த மருந்துக்குப் பொருந்தாது. லிப்போசோம் என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரட்டை அடுக்காக நின்று உருவாக்கும் நுண்ணிய உருண்டை. அதன் நடுவே நீர் இருக்கும், சுற்றிலும் கொழுப்புச் சுவர் இருக்கும். நீரில் கரையும் மருந்துகளை நடுவில் அடைக்கலாம். ஆம்போடெரிசின் நீரில் கரைய மறுக்கும் மருந்து என்பதால் அது சுவருக்குள்ளேயே, கொழுப்போடும் கொலஸ்ட்ராலோடும் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குடத்து நீரைப்போல அதை எண்ணக் கூடாது, குடத்து மண்ணிலேயே கலந்திருக்கும் பொருளாக எண்ண வேண்டும். சுவர் சிதைந்தால் மருந்தும் தன் இயல்பை இழக்கும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஜூன் 4, இரவு 10.30

'பழைய மருந்து அவ்வளவு மோசமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2000களின் தொடக்கத்தில் நான் வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்து சேர்க்கப்படுவார்கள். பழைய ஆம்போடெரிசின்தான் அன்று கையில் இருந்த ஒரே ஆயுதம். முதலில் ஒரு மில்லிகிராமை மட்டும் ஏற்றிப் பார்ப்போம். பிறகு முழு அளவு, நான்கு முதல் ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். வெளிச்சம் படக் கூடாது என்று டிரிப் பாட்டிலைக் கருப்புக் கார்பன் தாளால் சுற்றி, நூலால் கட்டித் தொங்கவிடுவோம். அந்தக் கார்பன் தாளை வெட்டி வைப்பது என் வேலையாக இருந்தது, வீட்டுக்குப் போனாலும் விரல்களில் மை போகாது. (அந்தச் சில மணி நேர வெளிச்சத்தால் மருந்துக்குக் கெடுதல் இல்லை என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதை வழிபாடுபோலச் செய்தோம்.)

மருந்து இறங்கத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் நடுக்கம் வரும். பல்லோடு பல் தட்டும், கட்டிலின் இரும்புச் சட்டம் அதிரும் ஓசை வார்டின் மறு முனை வரை கேட்கும். இரண்டு கம்பளிகளை முன்கூட்டியே கால்மாட்டில் மடித்து வைத்திருப்போம். அடுத்து காய்ச்சல் ஏறும். அதையும் தாங்கிக்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் தளரத் தொடங்கும். கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு) ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உயரும், பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் வடிந்துபோகும். பூஞ்சை முந்துமா சிறுநீரகம் முந்துமா என்று எண்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். பல நாட்களில் மருந்தை நிறுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது.

இதன் அடிப்படை எளிது. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது, நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆம்போடெரிசின் எர்கோஸ்டெராலை மிகுதியாக விரும்பும், கொலஸ்ட்ராலையும் ஓரளவு பற்றிக்கொள்ளும். இரத்தத்தில் தனியாகத் திரியும் ஆம்போடெரிசின் சிறுநீரகச் செல்களைத் தாக்குவது இந்த இரண்டாவது பழக்கத்தால்தான். லிப்போசோமின் சுவரில் கொலஸ்ட்ரால் சேர்த்திருப்பதால் மருந்து அங்கேயே தங்கிவிடுகிறது, எர்கோஸ்டெரால் உள்ள பூஞ்சையைச் சந்திக்கும்போது அங்கே மாறுகிறது. மேலும் இந்தத் துகளின் விட்டம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரம் துகள்களை வரிசையாக அடுக்கிவிடலாம். ஆனாலும் சிறுநீரக வடிகட்டியின் துளைகள் அதைவிடப் பல மடங்கு சிறியவை என்பதால் துகள் அந்த வழியே நுழைய முடிவதில்லை.

ஜூன் 5, மாலை 4.20

நேற்றைய குறிப்பை மறுபடி படித்தபோது பழைய மருந்துக்கு நான் அநீதி செய்துவிட்டதாகத் தோன்றியது. 2021 மே மாதம் நினைவிருக்கும். கொரோனாவிலிருந்து மீண்டவர்கள், அதிலும் சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள், கருப்புப் பூஞ்சையோடு திரும்பி வந்தார்கள். அந்த மாதம் 20ஆம் தேதி வாக்கில் தமிழ்நாட்டில் அது அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது. லிப்போசோமல் வயல்களை ஒன்றிய அரசு மாநிலங்களுக்குப் பங்கிட்டு அனுப்பியது. ஜூன் 12 அன்று ஜி.எஸ்.டி. மன்றம் ஆம்போடெரிசினுக்கான 5 சதவீத வரியை நீக்கியது. இருந்தும் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதை உங்கள் தந்தையின் கணக்கை வைத்தே பார்க்கலாம். நாளுக்கு ஆறு வயல், மூன்று வாரம்: ஒரே நோயாளிக்கு 126 வயல். நூறு பேர் என்றால் 12,600. அதற்கு முன்பு ஆண்டில் சில நோயாளிகளுக்கு மட்டுமே தேவைப்பட்ட மருந்து அது. அதைத் தயாரிப்பதும் மாத்திரை அச்சடிப்பதைப் போன்றதல்ல. கொழுப்பு, கொலஸ்ட்ரால், மருந்து மூன்றையும் சரியான விகிதத்தில் சேர்த்து, ஒரே அளவுள்ள துகள்களாக்கி, நுண்ணுயிர் நீக்கி, உறைய வைத்து உலர்த்திக் குப்பியில் அடைக்க வேண்டும். ஒரு வாரத்தில் இரட்டிப்பாக்கும் வேலையன்று.

அந்த நாட்களில் பழைய ஆம்போடெரிசினைக் கொண்டு எங்கள் மருத்துவர்கள் பலரைக் காப்பாற்றினார்கள். தினமும் கிரியாட்டினின் பார்த்தார்கள், பொட்டாசியத்தை ஈடுகட்டினார்கள், மருந்துக்கு முன்பாகச் சலைன் (உப்புநீர்) ஏற்றிச் சிறுநீரகத்தைக் காத்தார்கள். மருத்துவர் கண்ணெதிரே, அவர் கணக்கிட்ட அளவில், அவர் முடிவெடுத்து மாற்றுவது வேறு. உறவினர் கடையில் வாங்கி மாற்றுவது வேறு. 2ஆம் தேதி நான் பதறியது இரண்டாவதைப் பற்றி.

ஜூன் 7, இரவு 11.00

சலைன் என்ற சொல் வந்துவிட்டதால் அன்று நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கும் செவிலியர்களுக்கு உதவும்.

வயலில் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று இருக்கும். 50 மில்லிகிராம் வயலுக்கு 12 மில்லிலிட்டர் ஊசிநீர் விட்டு, அரை நிமிடம் விடாமல் வேகமாகக் குலுக்க வேண்டும். மெதுவாகச் சுழற்றினால் போதாது. கட்டி முழுவதும் கலந்து, ஒளி ஊடுருவும் மஞ்சள் திரவமாக வரும். அதை ஊசிமுனையில் பொருத்தும் 5 மைக்ரான் வடிகட்டி வழியாக 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் நீர்) பைக்குள் செலுத்த வேண்டும். சலைனில் கலக்கவே கூடாது.

2021 ஜூனில், நான் அப்போது வேலை செய்த மருத்துவமனையில், இரவுப் பணிக்குப் புதிதாக வந்த செவிலியர் ஒருவர் கலக்கிய மருந்தைச் சலைன் பையில் செலுத்திவிட்டார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. மற்ற மருந்துகள் பெரும்பாலும் சலைனில்தான் கலக்கப்படுகின்றன, அவருக்கு அது 14 மணி நேரப் பணி. பையைத் தூக்கி விளக்கடியில் பார்த்தபோது அவருக்கே சந்தேகம் வந்து என்னை அழைத்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். தெளிந்த மஞ்சள் மறைந்து, திரிந்த பாலைப்போல மங்கி, அடியில் மஞ்சள் துணுக்குகள் சேர்ந்துகொண்டிருந்தன. நான்கு வயல் மருந்து. அந்த நான்கு வயலுக்காக நோயாளியின் மகள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றிருந்தார். கொட்டத்தான் வேண்டியிருந்தது. அவரிடம் போய் நடந்ததைச் சொன்னது நான்தான். அவர் ஒன்றும் பேசவில்லை, அடுத்த ஒதுக்கீடு எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து என் மருந்தகத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு வயலிலும் சிவப்பு மையில் 'சலைன் கூடாது' என்று எழுதி ஒட்டுகிறேன். இன்றும் ஒட்டுகிறேன்.

ஏன் திரிகிறது? துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டுதான் அவை நீரில் தனித்தனியே மிதக்கின்றன. உப்பின் அயனிகள் அந்த விலக்கலை மறைத்துவிட்டால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். கலங்கிய குளத்து நீரில் படிகாரத்தைச் சுழற்றினால் மண் திரண்டு அடியில் படிகிறதே, அதே வேலை. குடிநீருக்கு நல்லது, இரத்தக் குழாய்க்குள் நடக்கக் கூடாதது.

ஜூன் 8, காலை 6.50

'சர்க்கரை நோயாளிக்கு டெக்ஸ்ட்ரோஸா?' என்ற உங்கள் அச்சம் புரிகிறது, 2021இல் ஒவ்வொரு குடும்பமும் இதைக் கேட்டது. 250 மில்லிலிட்டர் பையில் 5 சதவீதம் என்றால் 12.5 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை. இன்சுலின் அளவைச் சற்றுக் கூட்டி அதைச் சமாளித்துவிடலாம். சர்க்கரைக்குப் பயந்து சலைனுக்கு மாற்றச் சொல்லாதீர்கள்.

ஜூன் 11, இரவு 9.40

யார் இதைக் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டார். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் அலெக் பாங்ஹாம் என்ற இரத்தவியல் அறிஞர், ஆர். டபிள்யூ. ஹோர்ன் என்பவரோடு சேர்ந்து, புதிய எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பை நீரில் கலந்து பார்த்தார். வெங்காயத் தோலைப்போல் அடுக்கடுக்கான உருண்டைகள் தெரிந்தன. 1964இல் வெளியிட்டார்கள். செல்லின் சவ்வு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே அவருடைய கேள்வி, மருந்து அவர் நினைப்பில் இருக்கவில்லை. லிப்போசோம் என்ற பெயரை ஜெரால்டு வைஸ்மன் வைத்தார். மருந்தை ஏற்றிச் செல்லலாம் என்று 1970களின் தொடக்கத்தில் கிரகரி கிரகோரியாடிஸ் முன்மொழிந்தார்.

அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. சிக்கல் சுவரின் உறுதியில் இருந்தது. நம் வீட்டுச் சமையலறையிலேயே இதைக் காணலாம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. கொழுப்பு அமிலத்தின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் அது இளகியே இருக்கும், இல்லாவிட்டால் நெருங்கி அடுக்கி இறுகும். சோயாவிலிருந்து எடுத்த லெசிதின் என்னும் கொழுப்பை அப்படியே பயன்படுத்தினால் உடல் வெப்பத்தில் சுவர் இளகி, மருந்து வழியிலேயே கசிந்துவிடும். அதற்கு ஹைட்ரஜன் ஏற்றி இரட்டைப் பிணைப்புகளை நீக்கினால், எண்ணெய் வனஸ்பதியாவது போல, சுவர் 37 டிகிரியிலும் இறுகியே நிற்கும். ஆம்பிசோம் என்ற பெயரில் வந்த மூல லிப்போசோமல் ஆம்போடெரிசினின் சுவர் இப்படி ஹைட்ரஜன் ஏற்றிய சோயாக் கொழுப்பும், கொலஸ்ட்ராலும், எதிர்மின்னேற்றமுள்ள மற்றொரு கொழுப்பும் சேர்ந்தது. ஐரோப்பாவில் 1990இலும் அமெரிக்காவில் 1997இலும் அனுமதி பெற்றது. 'கொழுப்பில் தோய்த்தது' என்று நீங்கள் எழுதியதற்குப் பின்னால் இத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது, தம்பி.

ஜூன் 14, பிற்பகல் 3.10

முதல் நாள் எழுதிய மற்றொரு வாக்கியமும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது: 'நோயுள்ள இடத்துக்குக் கொண்டு செல்கிறது.' துகளுக்குக் கண்ணுமில்லை, விலாசமும் தெரியாது. இரத்தத்தில் அந்நியத் துகள் எதைக் கண்டாலும் விழுங்கும் பெருவிழுங்கி செல்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் காத்திருக்கின்றன. ஏற்றிய துகள்களில் பெரும்பங்கு அங்கேதான் போய்ச் சேர்கிறது.

புற்றுநோய் சிகிச்சைக்கு இது பெரிய தடை. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை லிப்போசோமுக்குள் அடைத்த டாக்ஸில் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜெருசலேமில் பேரன்ஹோல்ட்ஸ், கபிசோன் ஆகியோர் நெடுங்காலம் பாடுபட்டு உருவாக்கியது. பெருவிழுங்கிகளின் கண்ணில் படாமலிருக்கப் பாலிஎத்திலீன் கிளைகால் இழைகளை அதன் மேல் போர்த்தினார்கள். இதயத்துக்கு நேரும் கெடுதல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நெடுநேரம் இரத்தத்தில் சுற்றுவதால் மருந்து தோலில் சேர்ந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும் புதுத் துன்பம் வந்தது. புற்றுக்கட்டிக்குள் எவ்வளவு போகிறது என்ற கேள்விக்கு, பலவகை நானோத்துகள்களைப் பற்றிய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த கணக்கு, ஏற்றியதில் நடுநிலை மதிப்பாக 0.7 சதவீதமே என்று சொன்னது. விலங்குகளில் கிடைத்த எண் அது. அதைப் படித்த அன்று மனம் சோர்ந்துபோனது.

ஆனால் இதே குணம் ஒரு நோய்க்கு வரமாக அமைந்தது. பீகாரில் மணல் ஈ கடித்து வரும் காலா அசார். அதன் ஒட்டுண்ணி வாழும் இடமே கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் பெருவிழுங்கிகள்தான். நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன் 1903இல் மண்ணீரலில்தான் அதைக் கண்டார், லீஷ்மேனியா டோனோவானி என்ற பெயரில் அவர் பெயர் நிற்கிறது. அந்தச் செல் துகளைத் தானாகவே விழுங்குகிறது, ஒட்டுண்ணி அதற்குள்ளேயே இருக்கிறது. முசாபர்பூரில் ஷியாம் சுந்தரும் குழுவினரும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், 304 பேருக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஒரே ஒரு முறை ஏற்றினார்கள். மற்ற 108 பேருக்குப் பழைய மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாளாக 15 முறை ஏற்றினார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முறை ஏற்றியவர்களில் 95.7 சதவீதமும் பதினைந்து முறை ஏற்றியவர்களில் 96.3 சதவீதமும் குணமாகியிருந்தார்கள். கூலி வேலையை விட்டு ஒரு மாதம் மருத்துவமனையில் கிடக்க வேண்டியிருந்தவர் மறுநாளே வீட்டுக்குப் போகலாம். 2014 முதல் இந்தியாவில் அதுவே முதல் சிகிச்சையாக ஏற்கப்பட்டது. 40 கிலோ எடையுள்ளவருக்கு எட்டு வயல், ஒரே முறை. இந்த ஆய்வை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

ஆகவே என் திருத்தம் இது: துகள் நோயைத் தேடிப் போவதில்லை. உடல் அதை எங்கே கொண்டுபோகிறதோ அங்கே அது போகிறது. அந்த இடத்தில் இருக்கும் நோய்க்குத்தான் அது மிகச் சிறந்த மருந்தாகிறது. உங்கள் தந்தைக்கு அது செய்யும் பேருதவி, சிறுநீரகத்தைத் தொடாமல் ஐந்து மடங்கு அளவைத் தாங்க வைப்பது.

ஜூன் 14, இரவு 8.00

'தொடாமல்' என்றது மிகை. குறைவாகத் தொடுகிறது. கிரியாட்டினினும் பொட்டாசியமும் இப்போதும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 15, இரவு 10.15

'நாங்கள் போட்டுக்கொண்ட கோவிஷீல்டிலும் இந்தக் கொழுப்பு இருந்ததா?' இல்லை. கோவிஷீல்டு அடினோ வைரஸில் ஏற்றியது, கோவாக்சின் செயலிழக்கச் செய்த கொரோனா வைரஸ். கொழுப்பு நானோத்துகள் இருந்தது ஃபைசர், மாடர்னா எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்யச் செல்லுக்குக் கட்டளை கொண்டுபோகும் மூலக்கூறு) தடுப்பூசிகளில். இந்தியாவில் புனேயின் ஜென்னோவா தயாரித்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அவசர அனுமதி கிடைத்தது. அது உலர் பொடியாக, சாதாரணக் குளிர்பெட்டி வெப்பநிலையான 2 முதல் 8 டிகிரியில் வைக்கக் கூடியதாக இருந்தது. ஃபைசர் தடுப்பூசிக்கு முதலில் −70 டிகிரி வேண்டியிருந்ததை நினைத்தால், மின்வெட்டு உள்ள ஊரில் மருந்தகம் நடத்துபவளாக எனக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும்.

ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளின் துகள்கள் லிப்போசோமுக்கு உறவு என்றாலும் அமைப்பு வேறு. நடுவில் நீர்க்குடம் கிடையாது, கொழுப்பும் எம்.ஆர்.என்.ஏ.வும் நெருங்கிப் பின்னிய உள்ளகம். நான்கு வகைக் கொழுப்புகளில் உயிர்நாடியானது அயனியாகக் கூடிய கொழுப்பு. தயாரிக்கும்போது அமிலச் சூழலில் அது நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள எம்.ஆர்.என்.ஏ.வைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தின் நடுநிலைச் சூழலில் மின்னேற்றத்தை இழந்து அடங்கிவிடுகிறது, அதனால் நச்சுத்தன்மை குறைகிறது. செல் அதை ஒரு பைக்குள் விழுங்கி, அந்தப் பையை அமிலமாக்கிச் செரிக்கப் பார்க்கும்போது மீண்டும் நேர்மின்னேற்றம் பெற்று, பையின் சுவரைக் குலைத்து வெளியேறுகிறது. வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் குழுவினரின் நெடுநாள் உழைப்பு இதில் உண்டு. 2023 நோபல் பரிசு கரிகோவுக்கும் வைஸ்மனுக்கும் எம்.ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளை மாற்றியதற்காகக் கிடைத்தது. கொழுப்புக்கு இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம். (இந்த வைஸ்மன் ட்ரூ வைஸ்மன், 11ஆம் தேதி குறிப்பிட்டவர் வேறு.)

பையிலிருந்து தப்புவது மிகச் சிறு பகுதியே. இதே இனத் துகள்களில் சிறு ஆர்.என்.ஏ.வை ஏற்றிச் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நூற்றில் ஒன்றோ இரண்டோதான் வெளியேறுகிறது என்று காட்டியது. அந்த ஒன்றிரண்டே போதுமானதாக இருப்பது வியப்பு.

ஜூன் 21, மாலை 5.30

கல்லீரல் பற்றி எழுதியதன் தொடர்ச்சி. 2018 ஆகஸ்டில், இதே போன்ற கொழுப்பு நானோத்துகளில் சிறு ஆர்.என்.ஏ.வை ஏற்றிய பாட்டிசிரான் அனுமதி பெற்றது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் பிறழ்ந்து நரம்புகளில் படியும் பரம்பரை நோய்க்கான மருந்து. அந்தப் புரதத்தைப் பெரும்பாலும் உற்பத்தி செய்வது கல்லீரல். துகள் இரத்தத்தில் இறங்கியதும் அபோ-இ என்ற நம் சொந்தப் புரதம் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. உணவுக் கொழுப்பைச் சுமக்கும் துகள்களுக்கும் இதே அடையாளம்தான். அதனால் கல்லீரல் செல் அதைத் தன்னுடையது என்று உள்ளே அழைத்துக்கொள்கிறது. தடையென்று நெடுங்காலம் நொந்துகொண்ட அதே கல்லீரல் இங்கே வாசற்கதவாகிவிட்டது.

சென்ற மாதம் பிலடெல்பியாவிலிருந்து வந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அம்மோனியாவை யூரியாவாக்கும் சி.பி.எஸ்.1 நொதி குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையின் பிழைக்கென்றே மரபணுத் திருத்தக் கருவி ஒன்றைச் செய்து, கொழுப்பு நானோத்துகளில் ஏற்றிக் கொடுத்தார்கள். அங்கும் இலக்கு கல்லீரல். மூளைக்கோ நுரையீரலுக்கோ இவ்வளவு எளிதாகப் போக முடிந்திருந்தால் எத்தனை குழந்தைகளுக்கு வழி பிறந்திருக்கும் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, காலை 11.45

விலைக்கு வருகிறேன். முதல் நாள் உங்களைக் கண்டிப்பதுபோல எழுதிவிட்டேன். மருந்து வேறு என்பதில் நான் சொன்னது சரி. ஆனால் வேறு மருந்து என்பதாலேயே எந்த விலையும் நியாயமாகிவிடாது, உங்கள் கேள்வியின் அந்தப் பாதிக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

கொழுப்புத் துகள் மருந்துக்குப் பொதுப்பெயர் நகல் (மற்றொரு நிறுவனம் செய்யும் அதே மருந்து) செய்வது கடினம். மாத்திரை என்றால் இரத்தத்தில் அளவு ஒத்துப்போகிறதா என்று காட்டினால் போதும். இங்கே துகளின் அளவு, சுவரின் உறுதி, மருந்து கசியும் வேகம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஆம்பிசோம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1997இல். அதற்கான முதல் நகல், நம் நாட்டு சன் பார்மாவினுடையது, அங்கே அனுமதி பெற்றது 2021இன் இறுதியில். இருபத்து நான்கு ஆண்டுகள். டாக்ஸில் உற்பத்தி நின்று அமெரிக்காவில் தட்டுப்பாடு வந்தபோது, 2012 பிப்ரவரியில் சன் பார்மாவின் லிப்போடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்யவும் அவர்கள் அனுமதிக்க வேண்டியிருந்தது. செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் சிலரே, அந்தச் சிலரில் நம்மவர்களும் உண்டு. காலா அசாருக்குப் பீகாரின் ஏழைகளால் இம்மருந்தை வாங்க முடிந்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக கிலியட் நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்த வயல்களால்தான் அத்திட்டம் நடந்தது. கருப்புப் பூஞ்சைக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. வேண்டும். 126 வயல் என்பது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் நகையையும் நிலத்தையும் விழுங்கும் எண் என்பதை மருந்தகக் கவுன்டரின் இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான்.

உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு இடமிருக்கிறதா என்று கேளுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் லிப்போசோமல் வயல்களுக்குள்ளேயே விலை வேறுபடும். மருத்துவர் ஒப்புக்கொள்ளும் மலிவான லிப்போசோமல் எது என்று கேட்பதில் தவறே இல்லை.

ஜூன் 26, இரவு 9.20

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இன்று புதிதாக வாங்கிய பெட்டியில் 'லிப்பிட் எமல்ஷன்' என்று இருக்கிறது, முன்பு ஏற்றியது 'லிப்போசோமல்'. லிப்பிட் காம்ப்ளெக்ஸ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. மூன்றும் கொழுப்பைச் சார்ந்தவைதான், ஆனால் துகளின் அமைப்பும் கலக்கும் முறையும் ஒன்றல்ல. கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவு பெட்டியைப் பிரிக்காதீர்கள். காலையில் மருத்துவரிடம் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, எது என்று அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்காத பெட்டியைப் பில்லோடு கொடுத்தால் பெரும்பாலான கடைகளில் மாற்றித் தருவார்கள்.

படத்தின் ஓரத்தில் டிரிப் ஸ்டாண்டும் தெரிகிறது. ஒரு கொக்கியில் சலைன் பை, மறு கொக்கியில் டெக்ஸ்ட்ரோஸ் பை. அந்தச் சலைன் சிறுநீரகத்தைக் காக்க முன்னதாக ஏற்றுவது, அது சரிதான். ஆனால் இரண்டும் ஒரே குழாய் வழியே போவதுபோல் தெரிகிறது. சலைன் முடிந்ததும், மருந்து தொடங்கும் முன், அந்தக் குழாயை டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவ வேண்டும். பணியில் இருக்கும் சிஸ்டரிடம் ஒருமுறை கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாளைக் காலைக் கிரியாட்டினின் எண் வந்ததும் எழுதுங்கள் தம்பி, எட்டு மணிக்கு மேல் மருந்தகத்தில் இருப்பேன்.